யார் பேசுகிறார்? கல்லூரி முதலாண்டில் கவிதை, கதை, நாடகம்

1920களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தம் மாணவர்களிடம் சில கவிதைகளை அச்சடித்த தாள்களாகக் கொடுத்தார். தாளில் கவிஞர் பெயர் கிடையாது. தலைப்பும் எழுதிய காலமும் கிடையாது. ஒரு வாரம் வைத்திருந்து, வேண்டிய தடவை படித்து, மனதில் பட்டதை எழுதித் தர வேண்டும். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்கள். அந்தக் குறிப்புகளைத் திரட்டி, பதின்மூன்று கவிதைகளுக்கு வந்த எதிர்வினைகளை வகைப்படுத்தி, 1929இல் ரிச்சர்ட்ஸ் ‘பிராக்டிகல் கிரிட்டிசிசம்’ என்ற நூலாக்கினார்.

முடிவுகள் கல்லூரி ஆசிரியர்களைத் திடுக்கிட வைத்தன. ஜான் டன் எழுதிய சமயக் கவிதையையும் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸின் சிறிய கவிதையையும் பலர் ஒதுக்கித் தள்ளியிருந்தார்கள். இன்று பெயர்கூட நினைவில் இல்லாதவர்களின் கவிதைகளுக்குப் பாராட்டு குவிந்திருந்தது. இந்தத் தரக் குழப்பத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ரிச்சர்ட்ஸை அதைவிட அதிகம் கவலைப்படுத்தியது வேறொன்று: கணிசமானவர்களுக்கு அந்தக் கவிதைகளின் நேரடிப் பொருளே பிடிபடவில்லை. வாக்கியத்தின் எழுவாய் எது, பயனிலை எது என்று தெரியாமலே அதன் ஆன்மிக ஆழத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். வாசகனுக்குக் குறுக்கே நிற்கும் பத்துத் தடைகளை ரிச்சர்ட்ஸ் பட்டியலிட்டார். நேர்ப்பொருள் புரியாமை முதலாவது. கவிதையில் இல்லாத சொந்த நினைவுகள் வந்து குறுக்கிடுவது, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியை எடுத்து ஒட்டிவிடுவது, மிகையுணர்ச்சி, கொள்கைப் பிடிப்பு, யாப்பைப் பற்றிய முன்முடிவு ஆகியவையும் அதில் உண்டு. நூறாண்டு கழித்தும் எந்த ஊர்க் கல்லூரியிலும் முதலாண்டு விடைத்தாள் திருத்துபவருக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது.

ரிச்சர்ட்ஸின் மாணவர் வில்லியம் எம்ப்சன் கணிதத்திலிருந்து இலக்கியத்துக்கு மாறியவர். சொற்கள் ஒரே நேரத்தில் பல பொருள் தருவதை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டும் நூலை 1930இல், தம் இருபத்துநான்காம் வயதில் வெளியிட்டார். ஆனால் ரிச்சர்ட்ஸின் ஆய்வு ஒரு நோயறிதல் மட்டுமே. இளங்கலை முதலாண்டு வகுப்பில் திங்கட்கிழமை காலை என்ன செய்வது என்பதற்கு அதில் விடை கிடையாது. அந்த விடை அமெரிக்காவின் தெற்கே, லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருந்த பேட்டன் ரூஜ் நகரிலிருந்து வந்தது.

அங்கே 1930களில் கிளியந்த் புரூக்ஸ், ராபர்ட் பென் வாரன் என்ற இரண்டு இளம் ஆசிரியர்கள் சேர்ந்தார்கள். இருவரும் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் குரோ ரான்சமிடம் படித்தவர்கள். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு போய் வந்தவர்கள். வாரன் பிறகு நாவலுக்கும் கவிதைக்கும் புலிட்சர் பரிசு பெற்றார். இரண்டிலும் பெற்றவர் அவர் ஒருவரே. அப்போதோ இருவரும் முன்னே உட்கார்ந்திருக்கும் மாணவர்களைப் பார்த்துத் திகைத்து நின்றவர்கள். மாணவர்கள் புத்திசாலிகள். ஆனால் கவிதையை எப்படிப் படிப்பதென்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. பாடநூல்களில் கவிஞரின் வாழ்க்கை வரலாறு இருந்தது, ‘இனிமையான நடை’, ‘உயரிய கற்பனை’ போன்ற சொற்கள் இருந்தன. தொகுப்பிலிருந்த கவிதைக்குள் நுழைய வழி ஏதும் இல்லை. இருவரும் வகுப்புக்கென்று கைப்பிரதிகள் தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்த முயற்சியின் வளர்ச்சியாக 1936இல் ஜான் பர்சருடன் சேர்ந்து ஒரு பொதுப் பாடநூலும், 1938இல் ‘அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி’யும், 1943இல் ‘அண்டர்ஸ்டாண்டிங் ஃபிக்‌ஷன்’ நூலும் வந்தன. ராபர்ட் ஹெயில்மனுடன் சேர்ந்து 1945இல் புரூக்ஸ் நாடகத்துக்கும் ஒன்று கொண்டுவந்தார். கவிதை, கதை, நாடகம் என்று மூன்றாகப் பிரித்து இலக்கிய அறிமுகம் நடத்தும் அமெரிக்க வழக்கம் இந்த நூல்வரிசையால் உறுதிப்பட்டது.

1938 நூலின் முகப்பில் ஆசிரியர்களுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. கவிதைக்குப் பதிலாக வகுப்பில் நடத்தப்படும் மூன்று விஷயங்களை அது சாடுகிறது: கருத்தையோ கதையையோ உரைநடையில் திருப்பிச் சொல்வது, வாழ்க்கை வரலாற்றையும் காலப் பின்னணியையும் படிப்பது, நீதியை உருவி எடுப்பது. மூன்றும் பயன்படும், ஆனால் கவிதையைப் படித்ததாக ஆகாது என்பது அவர்கள் வாதம். நம் வகுப்பறைகளை நினைத்துக்கொண்டால் மூன்றும் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியதில்லை. பொழிப்புரை, ஆசிரியர் குறிப்பு, பாடல் உணர்த்தும் அறம் என்ற வரிசையில் நெடுவினாக்கள் காத்திருக்கின்றன.

அந்த நூலில் எனக்குப் பிடித்த துணிச்சல் ஒன்று உண்டு. அதில் மோசமான கவிதையையும் சேர்த்தார்கள். ஜாய்ஸ் கில்மர் மரங்களைப் பற்றி எழுதிய பன்னிரண்டு வரிக் கவிதை 1913இல் ‘பொயட்ரி’ இதழில் வந்தது. கில்மர் 1918இல் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். கவிதை பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கும் அளவுக்குப் புகழ் பெற்றது. புரூக்ஸும் வாரனும் அதிலுள்ள உருவகத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல விசாரித்தார்கள். மரம் ஒரு பெண் என்றால் அவளுக்கு வாய் எங்கே இருக்கிறது? வேரில், மண்ணின் மார்போடு அழுந்தி. கை எங்கே? மேலே, வழிபாட்டுக்காக உயர்ந்து. கூந்தலில் பறவைக் கூடு, மார்பில் பனி. பால் குடிக்கும் குழந்தை, தொழும் பெண், பூச்சூடிய மங்கை எல்லோரும் ஒரே உடம்பில் சேரும்போது கிடைக்கும் உருவத்தை வரைந்து பார்த்தால் சிரிப்புதான் வரும். ஒவ்வொரு வரியும் தனியாக ‘அழகாக’ இருக்கிறது. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. விமர்சனம் கொஞ்சம் கொடூரம்தான். பக்திப் பாடலிடம் உடற்கூறு கேட்பது நியாயமா என்று வாதாடலாம். ஆனாலும் மாணவனுக்கு ஒன்று விளங்கிவிடுகிறது: பிடித்திருப்பதற்கும் நன்றாக இருப்பதற்கும் இடையே விசாரிக்க இடமுண்டு, அந்த விசாரணைக்குச் சான்று வரிகளிலேயே கிடைக்கும். பாடத்தில் இடம்பெற்ற எல்லாமே மகத்தானது என்ற நிபந்தனையோடு தொடங்கும் வகுப்பில் இது நடக்கவே முடியாது. நல்ல கவிதையை மட்டுமே காட்டினால் மாணவன் ரசிக்கக் கற்க மாட்டான், ஆமோதிக்கக் கற்றுக்கொள்வான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த முறை பரவியதற்கு இலக்கியக் காரணங்கள் மட்டும் போதா. 1944இல் நிறைவேறிய ஜி.ஐ. சட்டத்தின் உதவியால் ஏறத்தாழ 22 லட்சம் முன்னாள் படைவீரர்கள் கல்லூரிகளுக்குள் வந்தார்கள். குடும்பத்தில் கல்லூரியின் வாசலை முதலில் மிதித்தவர்கள் அவர்களில் பலர். லத்தீன் தெரியாது, வீட்டில் நூலகம் கிடையாது. கையில் ஒரு புத்தகம், எதிரே ஒரு பக்கம், அதைப் பற்றிக் கேள்வி என்ற வகுப்பு அவர்களுக்குத் தோதாக இருந்தது. பரம்பரைப் படிப்பு உள்ளவனும் இல்லாதவனும் அந்தப் பக்கத்தின் முன்னால் ஏறக்குறைய சமம். புதுத்திறனாய்வு என்று பெயர் பெற்ற இந்த முறையைப் பழமைவாதிகளின் விளையாட்டு என்று பிற்காலத்தில் ஏசியவர்கள் இந்த ஜனநாயக விளைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

இனி இந்த முறையின் உள்ளே இருக்கும் கேள்விக்கு வருகிறேன். எந்தக் கவிதையிலும் ஒரு பேசுபவர் இருக்கிறார். அவர் எழுதிய கவிஞராக இருக்கத் தேவையில்லை. அவர் ஒரு சூழலில் நின்று யாரிடமோ பேசுகிறார். ஆகவே கவிதை சிறியதொரு நாடகம் என்று புரூக்ஸும் வாரனும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். முதலாண்டு வகுப்பு முழுவதையும் இந்த ஒரு கேள்வியின் மேல் கட்டலாம் என்பதுதான் என் கருத்து. மூன்று இலக்கிய வகைகளையும் மூன்று வெவ்வேறு பாடங்களாக நடத்தும்போது மாணவனுக்குக் கிடைப்பது மூன்று கலைச்சொல் பட்டியல். ‘யார், யாரிடம், எங்கே, எப்போது பேசுகிறார்’ என்று கேட்டுக்கொண்டு போனால் மூன்றும் ஒரே நிலத்தின் பகுதிகளாகத் தெரியும். பிளேட்டோ தம் ‘குடியரசு’ மூன்றாம் பகுதியில் செய்த பிரிவும் இதுவே: கவிஞன் தன் குரலில் பேசுவது, பிறர் குரலில் பேசுவது, இரண்டையும் கலப்பது.

நமக்கு இது இறக்குமதிச் சரக்கு அன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்குரிய 34 உறுப்புகளை எண்ணும்போது மாத்திரை, அசை, சீர், அடி என்பவற்றோடு கூற்று, கேட்போர், களன், காலம் ஆகியவற்றையும் உறுப்பாகவே வைக்கிறது. பேசுபவரும் கேட்பவரும் இடமும் பொழுதும் கவிதைக்கு வெளியே இருக்கும் பின்னணித் தகவல்கள் என்று அது நினைக்கவில்லை. எதுகை மோனை எப்படி உறுப்போ அப்படியே இவையும் உறுப்பு. அகப்பாடல்களின் அடியில் தலைவி தோழிக்குச் சொன்னது, தோழி தலைவனுக்குச் சொன்னது என்று குறிப்பு எழுதிவைத்த பழைய வாசகர் யாராக இருந்தாலும், அவர் கவிதையைப் பேச்சாகவே கேட்டிருக்கிறார். ஏ. கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகையிலிருந்து தேர்ந்து ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ நூலில் இந்தக் கூற்றுக் குறிப்புகளையே கவிதைகளின் தலைப்பாக மேலே ஏற்றினார். புரூக்ஸ், வாரன் மரபில் பழகிய அமெரிக்க மாணவர்களுக்குச் சங்கப் பாடல் எளிதாகக் கைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் மாணவர்களோ கூற்று வகைகளைக் குறுவினா விடையாக மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு பாடலின் கூற்றுக் குறிப்பை மறைத்துவிட்டு, ‘இது தலைவி பேச்சா, தோழி பேச்சா? எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய்?’ என்று கேட்கும் வகுப்பு அரிது.

கேள்வி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆங்கில வகுப்புகளில் நெடுங்காலமாகப் புழங்கும் உதாரணம் ராபர்ட் பிரௌனிங் 1842இல் வெளியிட்ட ‘மை லாஸ்ட் டச்சஸ்’. ஐம்பத்தாறு வரிகள். இத்தாலியின் ஃபெராரா நாட்டுப் பிரபு, திரையை விலக்கி, இறந்துபோன மனைவியின் ஓவியத்தை ஒருவருக்குக் காட்டிப் பேசுகிறார். அவள் எல்லோரிடமும் ஒரே மாதிரி முகம் மலர்ந்தாள். மாலைச் சூரியனுக்கும் யாரோ கொடுத்த பழக்கொப்புக்கும் காட்டிய மகிழ்ச்சியையே தம் பழம்பெருமை வாய்ந்த குலப்பெயருக்கும் காட்டினாள் என்பது அவருடைய குறை. பிறகு தாம் உத்தரவு போட்டதாகவும் சிரிப்பு நின்றுபோனதாகவும் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர் யார் என்பது கடைசியில்தான் தெரிகிறது: பிரபுவின் அடுத்த திருமணத்துக்குப் பெண் வீட்டிலிருந்து வந்த தூதர். வரதட்சணைப் பேச்சும் கூடவே வருகிறது.

முதல் வாசிப்பில் மாணவர்கள் ‘பிரபு கொடியவர்’ என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். கேட்பவர் தூதர் என்பதைச் சேர்த்துக்கொண்டு மறுபடி படிக்கச் சொன்னால் கவிதை வேறாகிவிடுகிறது. பெண் கேட்கும் இடத்தில் ஒருவர் ஏன் இதையெல்லாம் சொல்கிறார்? வாய் தவறியா? புதிய மனைவி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையாகவா? தூதர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் அவர் எழுந்து முன்னே போக முற்பட்டதை ‘சேர்ந்தே போகலாம்’ என்ற பிரபுவின் பேச்சிலிருந்து ஊகிக்க முடிகிறது. தமக்குப் பேசத் திறமையில்லை என்று சொல்பவர் ஈரடி எதுகைகளைச் சற்றும் தெரியாமல் வாக்கிய ஓட்டத்தில் மறைத்துக்கொண்டு பேசுகிறார்; யாப்பு இங்கே ஒரு குணச்சித்திரம். இதில் கதை இருக்கிறது, மேடை இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. ராபர்ட் லேங்பாம் 1957இல் எழுதிய நூலில் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்: பிரபுவைக் கண்டிப்பதற்கு முன் நாம் அவருடைய பேச்சின் மிடுக்குக்குக் கட்டுப்பட்டுக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம். தீர்ப்பைத் தள்ளிப்போட வைத்ததில்தான் கவிதையின் திறமை இருக்கிறது.

வரலாறு பிறகு வரலாம். ஃபெராராவின் இரண்டாம் அல்ஃபோன்சோ 1558இல் லுக்ரேசியா டி மெடிச்சியை மணந்ததும், அவள் 1561இல் பதினாறு வயதில் இறந்ததும் கவிதைக்குத் தூண்டுதல் என்று சொல்வார்கள். இந்தத் தகவலை முதலில் சொல்லிவிட்டால் மாணவர்கள் அதை ஒரு கொலைச் செய்தியாகப் படிப்பார்கள். இறுதியில் சொன்னால், ஒரு செய்தி எப்படிப் பேச்சாக மாறியது என்று பார்ப்பார்கள். வகுப்பில் எதை எப்போது சொல்கிறோம் என்பது எதைச் சொல்கிறோம் என்பதற்குக் குறைந்ததன்று.

கதைக்கு வந்தால், பேசுபவர் நடுவில் வந்து நின்றுகொள்கிறார். ‘அண்டர்ஸ்டாண்டிங் ஃபிக்‌ஷன்’ நூலில் ஹெமிங்வேயின் ‘தி கில்லர்ஸ்’ பற்றி ஒரு பெயர்பெற்ற பகுப்பாய்வு உண்டு. இரண்டு கூலிக் கொலையாளிகள் ஒரு உணவுக் கடையில் காத்திருக்கிறார்கள். தேடப்படும் முன்னாள் குத்துச்சண்டை வீரர் தப்பிக்க முயலாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இது யாருடைய கதை என்று புரூக்ஸும் வாரனும் கேட்டார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு ஊரை விட்டே போகிறேன் என்று சொல்லும் இளைஞன் நிக்கின் கதை என்பது அவர்கள் விடை.

அதே நூலில் இருந்த ஃபாக்னரின் ‘எ ரோஸ் ஃபார் எமிலி’ எங்கள் கேள்விக்கு இன்னும் பொருத்தம். 1930இல் வெளிவந்த இந்தக் கதையைச் சொல்வது ஓர் ஊர். ‘நாங்கள்’ என்றே கதை நகர்கிறது. எமிலி என்ற கிழவியின் சாவில் ஆரம்பித்து, வரி கட்ட மறுத்தது, வீட்டிலிருந்து நாற்றம் வந்தது, தகப்பன் இறந்தும் மூன்று நாள் உடலைத் தர மறுத்தது, வடக்கிலிருந்து வந்த ஹோமர் பேரன் என்ற மேஸ்திரியோடு வண்டியில் சுற்றியது, மருந்துக் கடையில் ஆர்செனிக் வாங்கியது என்று காலம் முன்னும் பின்னுமாகப் போகிறது. அடக்கம் முடிந்து பூட்டிய அறையை உடைக்கும்போது படுக்கையில் ஓர் எலும்புக்கூடு. பக்கத்துத் தலையணையில் நரைத்த ஒரு நீள முடி.

மாணவர்கள் திகிலில் நின்றுவிடுவது இயல்பு. சொல்பவரை விசாரித்தால் திகில் இடம் மாறும். இந்த ‘நாங்கள்’ யார்? நாற்றம் வந்தபோது நேரில் கேட்காமல் இரவில் திருட்டுத்தனமாகச் சுண்ணாம்பு தூவிய ஆண்களா? சாவு வீட்டுக்கு வேடிக்கை பார்க்க வந்த பெண்களா? அந்த ஓர் அறையை நாற்பது ஆண்டாக யாரும் பார்த்ததில்லை என்று ஊருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்படியானால் வேறு என்னவெல்லாம் தெரிந்திருந்தது? எமிலியோடு கூடவே இருந்த கறுப்பின வேலைக்காரர் டோப் கதவைத் திறந்துவிட்டு, பின்வாசல் வழியே நடந்து மறைந்துவிடுகிறார். எல்லாம் தெரிந்திருக்கக்கூடிய அந்த ஒருவர் அந்த ‘நாங்க’ளுக்குள் சேர்த்தி இல்லை. காலக்குழப்பமும் உத்திக்காக வந்ததன்று: ஊர் தன் உடந்தையைத் தனக்கே மறைத்துக்கொள்ளும் விதம் அது.

இந்த இடத்தில்தான் 1940களின் முறை தன் எல்லையைத் தொட்டது. ஜூடித் ஃபெட்டர்லி 1978இல் வெளியிட்ட ‘தி ரெசிஸ்டிங் ரீடர்’ நூலில் இதே கதையை எடுத்து, எமிலியை ‘சீமாட்டி’ என்ற சட்டத்துக்குள் வைத்துப் பார்த்த ஊருக்கு அவள் கொலை செய்யக்கூடும் என்றே தோன்றவில்லை என்று காட்டினார். அவர் பயன்படுத்திய சான்றுகளும் கதையின் வரிகள்தாம். அதே கூர்மையோடு படித்த முந்தைய தலைமுறை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்பதற்கான ஆட்கள் வகுப்பின் மேடைப் பக்கம் நிற்கவில்லை. பக்கத்தில் இருப்பதை மட்டும் படி என்பது சரி. பக்கத்தில் இருப்பதில் எது கண்ணில் படும் என்பதைப் படிப்பவரின் வாழ்க்கையும் தீர்மானிக்கிறது. ‘அண்டர்ஸ்டாண்டிங் பொயட்ரி’ வந்த அதே 1938இல் லூயிஸ் ரோசன்பிளாட் ‘லிட்டரேச்சர் ஆஸ் எக்ஸ்ப்ளொரேஷன்’ நூலில் இதைச் சொல்லியிருந்தார்: மாணவர் கொண்டுவரும் அனுபவத்திலிருந்து வகுப்பு தொடங்கி, பனுவலிடம் மறுபடி மறுபடி போய் அதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கல்லூரிகள் முதல் நூலைப் பின்பற்றின. இரண்டாவதின் செல்வாக்குப் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களிடமே நெடுங்காலம் தங்கியிருந்தது. இரண்டும் பகை நூல்கள் என்று நான் நினைக்கவில்லை. யார் பேசுகிறார் என்ற கேள்வியோடு யார் கேட்கிறார் என்பதையும் சேர்த்தால் ரோசன்பிளாட் வந்துவிடுகிறார். தொல்காப்பியம் கேட்போரையும் உறுப்பாக எண்ணியது பனுவலுக்குள் இருக்கும் கேட்போரைத்தான் என்றாலும், வகுப்பில் உட்கார்ந்திருப்பவரும் ஒரு கேட்போர்.

நாடகத்தில் சொல்பவர் முழுவதுமாக விலகிவிடுகிறார். இதை விளக்க சூசன் கிளாஸ்பெல்லின் ‘டிரைஃபிள்ஸ்’ போல இன்னொன்று கிடைக்காது. 1900 டிசம்பரில் அயோவாவில் ஜான் ஹோசாக் என்ற விவசாயி உறங்கும்போது கோடரியால் கொல்லப்பட்டார். மனைவி மார்கரெட் மேல் குற்றம் சாட்டப்பட்டது. டி மாய்ன் நகர நாளிதழின் நிருபராக இருந்த கிளாஸ்பெல் அந்த வழக்கைப் பற்றி இருபதுக்கும் மேற்பட்ட செய்திகள் எழுதினார். 1901இல் தண்டனை; மேல்முறையீட்டில் அது ரத்து; 1903 மறுவிசாரணையில் ஜூரி ஒத்த முடிவுக்கு வர முடியாமல் வழக்கு நின்றது. 1916 ஆகஸ்டில் அதையே ஓரங்க நாடகமாக்கிப் பிராவின்ஸ்டவுனில் மேடையேற்றினார். அதில் திருமதி ஹேல் என்ற பாத்திரத்தில் அவரே நடித்தார். மறு ஆண்டு அதே பொருளை ‘எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்’ என்ற சிறுகதையாகவும் எழுதினார். அன்று அயோவாவில் பெண்கள் ஜூரியாக அமர முடியாது என்பதை அறிந்தவர்களுக்குத் தலைப்பே வாதம்.

ஆசிரியர் ஒருவர், நிகழ்ச்சி ஒன்று, வடிவம் மட்டும் இரண்டு. வகுப்புக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் ஏது? நாடகத்தில் கொலைக்குற்றம் சாட்டப்பட்ட மின்னி மேடைக்கே வருவதில்லை. ஆண்கள் சான்று தேடி மாடிக்கும் தொழுவத்துக்கும் போகிறார்கள். இரண்டு பெண்கள் அடுக்களையில் காத்திருக்கிறார்கள். பாதி துடைத்த மேசை, குளிரில் வெடித்த பழப்பாகு ஜாடிகள், ஒழுங்காகத் தைத்துவந்து ஓரிடத்தில் தாறுமாறான தையல், கதவு உடைந்த பறவைக் கூண்டு, தையல் பெட்டிக்குள் கழுத்து முறிந்த கானரிக் குருவி. பார்வையாளர் இவற்றைப் பெண்களோடு சேர்ந்து கண்டுபிடிக்கிறார். விளக்கிச் சொல்ல ஆள் கிடையாது. திருமதி ஹேல் பேசிக்கொண்டே அந்தக் கோணல் தையலைப் பிரித்து நேராகத் தைக்கிறாள். சாட்சியம் அழிக்கப்படுவதை அந்த ஊசிதான் சொல்கிறது. வசனத்தில் அதை யாரும் குற்றம் என்று அழைப்பதில்லை.

சிறுகதை மார்த்தா ஹேலின் மனத்துக்குள் இருந்து தொடங்குகிறது. அவசரமாக அழைத்ததால் தன் வீட்டில் மாவைப் பாதி சலித்து அப்படியே விட்டுவிட்டு வந்தவள் அவள். மின்னியின் அடுக்களையில் பாதியில் நின்ற வேலையைப் பார்த்ததும் அவளுக்கு உறுத்துவது அதனால்தான். மேடையில் இந்த மாவு காட்ட முடியாதது. கதையில் அது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. பதிலுக்கு, நாடகத் தொடக்கத்தில் ஆண்கள் அடுப்பருகே போய்க் குளிர் காய, பெண்கள் கதவோரம் ஒட்டி நிற்கும் நிற்பு மேடையில் ஒரே பார்வையில் சொல்லிவிடுவதைக் கதை வாக்கியம் வாக்கியமாகக் கட்ட வேண்டியிருக்கிறது. பாத்திரப் படைப்பு, பின்னணி, முரண் என்று வரையறை எழுதவைப்பதைவிட இந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒரு மணி நேரம் பேசினால் மாணவர் கற்பது அதிகம். நாடகத்தை வகுப்பில் வாய்விட்டுப் படிக்கவும் வேண்டும். மௌனமாகப் படித்த நாடகம் வசனம் மட்டும் மிஞ்சிய கதை.

நம் கல்லூரிகளில் இந்த அறிமுகப் பாடம் வந்த வழி வேறு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலத்துக்குத் தனித் துறை வைத்தது 1894இல். அதற்குப் பல பத்தாண்டு முன்பே இந்தியாவில் ஆங்கில இலக்கியம் தேர்வுப் பாடமாகிவிட்டதைக் கௌரி விஸ்வநாதன் 1989இல் எழுதிய ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்’ விரிவாக ஆராய்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. அந்தப் படிப்பின் நல்ல விளைவுகளும் நம் கண்முன் உண்டு. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்த பரிதிமாற் கலைஞர் 1897இல் ‘நாடகவியல்’ எழுதினார். அதே கல்லூரி மாணவரான அ. மாதவையா ‘பத்மாவதி சரித்திரம்’ தந்தார். ஆனால் பாடநூல் என்று நிலைத்தது டபிள்யூ. எச். ஹட்சனின் 1910ஆம் ஆண்டு அறிமுக நூல். கவிதை, உரைநடைப் புனைவு, நாடகம் என்று அத்தியாயம் பிரித்து, நாவலுக்குக் கதைப்பின்னல், பாத்திரம், உரையாடல், காலமும் இடமும், நடை, வாழ்க்கைநோக்கு என ஆறு கூறுகளைச் சொன்ன நூல் அது. ஹட்சன் மோசமான வழிகாட்டி இல்லை. அவருடைய ஆறு கூறுகளை ஆறு இழுப்பறைகளாக்கி, எந்த நாவல் வந்தாலும் பிரித்துப் போட்டுப் பூட்டிவிடும் பழக்கம்தான் மோசம். தமிழ்த்துறை ஆய்வேடுகளிலும் அதே இழுப்பறைகள் இயல் தலைப்புகளாக வருவதைக் காணலாம்.

வகுப்புக்கு வெளியே ஒரு முயற்சி நடந்தது. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை நடத்திய ‘எழுத்து’ இதழில் அலசல் விமர்சனம் என்று பெயர் பெற்ற முறையை வலியுறுத்தினார். ஒரு கதையோ கவிதையோ எப்படி இயங்குகிறது என்று வரியோடு வரியாகப் பார்ப்பது அது. அந்தப் பழக்கம் சிறுபத்திரிகைகளில் தங்கிவிட்டது. பல்கலைக்கழகம் செல்லப்பாவைப் பாடத்தில் சேர்த்தது, அவருடைய முறையைச் சேர்க்கவில்லை.

பகுதி ஒன்று தமிழ்ப் பாடம் இலக்கியம் படிக்க வந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. இயற்பியலும் வணிகவியலும் படிப்பவர்களும் அதைப் படிக்கிறார்கள். பலருக்கு வாழ்நாளில் கடைசி இலக்கிய வகுப்பு அதுவே. அவர்களுக்கு வேண்டியது ஒரு பேச்சைக் கேட்டால் பேசுபவர் எங்கே நின்று பேசுகிறார் என்று கண்டுகொள்ளும் காது. தேர்தல் மேடையும் விளம்பரமும் செய்தியும் அந்தக் காதைத்தான் நம்பியோ, நம்பாமலோ இயங்குகின்றன.

பாடத்திட்டக் குழுவினரிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பருவத்துக்கு ஐந்து அலகு, அலகுக்குப் பத்துப் பனுவல் என்ற கணக்கைக் கைவிடுங்கள். நான்கு கவிதை, இரண்டு சிறுகதை, ஓர் ஓரங்க நாடகம் போதும். மீதி நேரத்தில் மாணவர்கள் பேசட்டும்.